தோப்பூர்ப் பட்டயம்

மண்ணச்சநல்லூரில் என்னிடம் வரும் வழக்குகளில் பாதி நிலம், கொஞ்சம் அரிசி ஆலைக் கொடுக்கல் வாங்கல், மிச்சம் கோயில். நிலத் தகராறு உள்ளவர்கள் முதலில் பூமிநாத சுவாமி கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் என் அலுவலகப் படியேறுவார்கள். அந்த வகையில் சுவாமி எனக்கு சீனியர், ஃபீஸும் வாங்குவதில்லை. கோயில் வழக்கு அப்படியில்லை. சாமியே அதில் ஒரு தரப்பு. அதனால் நேரே வக்கீலிடம் வந்துவிடுவார்கள்.

அப்படி வந்த வழக்கு இது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். இரண்டு தரப்பும் இன்றைக்கும் ஒரே தேரைத்தான் இழுக்கிறார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, பெருவளை வாய்க்கால் பாயும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மாரியம்மன் கோயில். மேலத்தெரு வகையறா, கீழத்தெரு வகையறா என்று இரண்டு பிரிவு. திருவிழாவில் காப்புக் கட்டியதும் முதல் பரிவட்டத்தைப் பூசாரி யார் தலையில் கட்டுவது, காளாஞ்சித் தட்டை யார் கையில் முதலில் கொடுப்பது, இதுதான் சண்டை. பரிவட்டத் துண்டின் விலை அப்போது முப்பது ரூபாய் இருக்கலாம். அதற்காக ஒரு வருஷம் தேர் நிலையை விட்டு நகரவே இல்லை. அடுத்த வருஷம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு, போலீஸ் பந்தோபஸ்து, பக்தர்களை விடக் காக்கிச் சட்டை அதிகம்.

நான் கீழத்தெருவுக்கு வக்கீல்.

மேலத்தெருக்காரர்கள் முதலில் சாதாரண சிவில் வழக்குத்தான் போட்டார்கள். முதல் மரியாதை எங்களுக்கே என்று விளம்புகை, மற்றவர் தலையிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை. அது நிற்கவில்லை. கோயில் மரியாதை வழக்குகளில் 1961ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆழ்வார்திருநகரி ஆதிநாதாழ்வார் கோயிலில் தீர்த்தமும் பிரசாதமும் யாருக்கு முன்னால் என்று இரண்டு ஜீயர்களுக்குள் வந்த வழக்கு. வெறும் மரியாதையைக் கேட்டு சிவில் நீதிமன்றத்துக்கு வர முடியாது. கோயிலில் ஒரு பதவி இருந்து, அந்தப் பதவியோடு ஒட்டிய மரியாதை என்றால் வரலாம் என்பது அதன் சாரம். மேலத்தெரு பிராதில் பதவி எதுவும் சொல்லப்படவில்லை. ‘தொன்றுதொட்டு’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. போதாக்குறைக்கு அறநிலையத் துறைச் சட்டத்தின் 108ஆவது பிரிவு வேறு குறுக்கே நின்றது. பிராது தள்ளுபடி.

பிறகு அவர்கள் சரியான வழிக்கு வந்தார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63ஆவது பிரிவில், கோயிலில் ஒருவருக்கு வழக்கத்தின்படி மரியாதை உண்டா என்பதைத் துறையே விசாரித்து முடிவு செய்யலாம். அங்கே தோற்றால் 69ஆவது பிரிவில் ஆணையரிடம் மேல்முறையீடு. அதிலும் தோற்றால் 70ஆவது பிரிவில் நீதிமன்றத்தில் வழக்கு. மூன்று படிகளையும் மேலத்தெரு ஏறியது. முதல் படியிலேயே, சிவில் பிராதில் ஒரு வரிகூட இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். சிவப்புப் பட்டில் சுற்றிய செப்பேடு.

பளபளவென்று இருந்தது. சாமி அறையில் வைத்துப் பூஜை செய்யும் பொருள் என்பதால், விசாரணைக்கு எடுத்துவரும்போது வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் துலக்கியிருந்தார்கள். கையகல நீளத்தில் இரண்டு பங்கு இருக்கும். மேலே சூரியன், சந்திரன், நடுவில் ஒரு சூலம். வளையம் கோர்க்க ஓட்டை உண்டு, வளையம் இல்லை. சகாப்தம் 1538, நள வருஷம், தை மாதம் என்று காலம். தோப்பூர்ச் சண்டையில் மாற்றாரை முறித்து வெற்றி கொண்டதற்காக, திருமலை நாயக்கர், மேலத்தெருவின் மூதாதைக்கு ஸ்தலக் காவலும், காவலுக்கு மானியமும், முதல் பரிவட்டமும் சந்திரசூரியர் உள்ளவரை கொடுத்ததாகச் சங்கதி.

‘ஸ்தலக் காவல்’. அதைப் படித்ததும் 1961 தீர்ப்புத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. போன தடவை இல்லாத பதவி இந்தத் தடவை செம்பில் அடித்து வந்திருக்கிறது! என் ஜூனியர் பையன் காதோரம், “சார், இது போன மாசம் கும்பகோணத்துல பண்ணது” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்து வாதாட முடியாது.

துறை விசாரணை, மேல்முறையீடு இரண்டையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரண்டிலும் பட்டயம் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி முழு விசாரணை நடந்தது திருச்சி சார்பு நீதிமன்றத்தில்தான்.

அதற்கு முன் நான் சரித்திரம் படிக்க வேண்டியிருந்தது. அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, பொது வரலாறு சம்பந்தப்பட்ட விஷயங்களில் நீதிமன்றம் தகுந்த நூல்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றது. எனவே ராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட விஜயநகர வரலாறு, சத்தியநாதய்யரின் மதுரை நாயக்கர் வரலாறு, விருத்தகிரீசனின் தஞ்சை நாயக்கர் வரலாறு எல்லாவற்றையும் தேடிப் பிடித்தேன். வழக்குக்காகப் படிக்க ஆரம்பித்து, வழக்கை மறந்து படித்த நாட்கள் அவை.

நடந்தது இது. 1614 அக்டோபரில் வேலூரில் இருந்து ஆண்ட விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்தார். தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரை வாரிசாகச் சொல்லிவிட்டுப் போனார். வேங்கடரின் மனைவி ஒருத்திக்கு ஒரு பிள்ளை. அது அவள் பெற்றதே இல்லை, யாரிடமோ வாங்கி வளர்த்தது என்று அரண்மனையே பேசிக்கொண்டது. அவளுடைய அண்ணன் ஜக்கராயன் அந்தப் பிள்ளைக்காகப் படை திரட்டி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு சிறை வைத்தான். எதிர்த்து நின்றவர் யாசம நாயக்கர் என்ற தெலுங்குத் தளபதி. ராஜாவின் பிள்ளைகளில் ஒருவனையாவது வெளியே கொண்டுவர வேண்டும். காவலர் சோதிக்காமல் உள்ளே போய் வரக் கூடியவர் யார்? அரண்மனைத் துணி எடுக்கும் வண்ணார். அவர் அழுக்கு மூட்டையோடு மூட்டையாகப் பையனைக் கட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பையன்தான் ராமதேவன். கொஞ்ச நாளில் சிறையில் இருந்த ராஜா, ராணி, மற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் ஜக்கராயன் கொன்றுவிட்டான்.

இதை எழுதிவைத்தவர் மனுவேல் பர்ராதஸ் என்ற போர்த்துக்கீசியச் சேசு சபைப் பாதிரியார். 1616 டிசம்பர் 12ஆம் தேதியிட்டு, கொச்சியிலிருந்து எழுதிய கடிதம். வாரிசுச் சண்டை வடக்கே முடியாமல் தெற்கே நகர்ந்து, இப்போது எல்லாப் படைகளும் திருச்சிராப்பள்ளிச் சமவெளியில் வந்து நிற்கின்றன என்கிறார். மொத்தம் பத்து லட்சம் வீரர்களாம். பாதிரியார் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். சாட்சிகள் கூட்டத்தை மிகைப்படுத்துவது எனக்குப் புதிதில்லை. அதற்காகக் கூட்டமே கூடவில்லை என்று ஆகிவிடாது.

யார் யார் எந்தப் பக்கம் என்பதில்தான் வழக்கின் உயிர் இருந்தது. ஜக்கராயன் பக்கம் மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும். மதுரை நாயக்கர் என்றால் முத்துவீரப்ப நாயக்கர். ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். அதாவது நம்மூர் ராஜா. எதிர்ப் பக்கம் யாசமரும், தஞ்சை ரகுநாத நாயக்கரும், நடுவில் அந்தச் சிறுவன் ராமதேவனும். கல்லணைக்குப் பக்கத்தில், தோப்பூர் என்று நூல்களில் வரும் இடத்தில் மோதினார்கள். இன்றைய தோகூர்தான் அது என்பது வரலாற்றாசிரியர்கள் கணிப்பு. எதிரிகள் காவிரியின் அணையை உடைத்தார்கள், ரகுநாதர் திரும்பக் கட்டினார் என்று தஞ்சை அவைப் புலவர்கள் பாடினார்கள். 1616 கடைசியோ 1617 தொடக்கமோ, அந்தச் சண்டையில் ஜக்கராயன் செத்தான். செஞ்சி தோற்றது. திருச்சி நாயக்கரும் தோற்றார்.

பானிப்பட்டு, தலைக்கோட்டை, பிளாசி என்று எல்லா ஊர்ச் சண்டையையும் பள்ளியில் நெட்டுருப் போட்ட எனக்கு, சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் நடந்த இந்தச் சண்டையை ஒரு பரிவட்டத் துண்டுதான் சொல்லிக்கொடுத்தது.

இனி குறுக்கு விசாரணை. வாதித் தரப்பின் முதல் சாட்சி மேலத்தெருப் பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நல்ல மனுஷர், விசாரணைக்கு முன்னால் வராந்தாவில் என்னைப் பார்த்து “வாங்க தம்பி, காப்பி சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறினார்.

“பெரியவரே, பட்டயத்துல சொல்லியிருக்கற தோப்பூர் எங்க இருக்கு?”

“சேலம் தாண்டி, தருமபுரி போற வழியில. லாரியெல்லாம் கவுந்துகிட்டே இருக்குமே, அந்தக் கணவாய்.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

“அங்க யாரோட சண்டை?”

“வெள்ளைக்காரனோட.”

“நாயக்கர் பக்கம் ஜெயிச்சுதா?”

“ஜெயிக்காமயா பட்டயம் குடுத்தாரு?”

சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அந்தப் பதிலை நான் சும்மா விடவில்லை. வாதத்தில் நிதானமாகப் பிரித்து வைத்தேன். 1616இல் தமிழ்நாட்டில் வெள்ளைக்காரன் என்றால் யார்? நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும் போர்த்துக்கீசியர். பழவேற்காட்டில் டச்சுக்காரர், அவர்களுடைய கெல்ட்ரியா கோட்டை 1613இல் எழுந்தது. ஆங்கிலேயருக்கு 1611 முதல் மசூலிப்பட்டினத்தில் ஒரு பண்டகசாலை. மதுரையில் 1606 முதல் ராபர்ட் தெ நோபிலி காவி கட்டிக்கொண்டு தத்துவம் பேசிக்கொண்டிருந்தார். எல்லோரும் கரையோரத்தில் துணிக்கும் மிளகுக்கும் பேரம் பேசியவர்கள், அல்லது ஞானஸ்நானம் கொடுக்க வந்தவர்கள். திருச்சிச் சமவெளியில் நின்றது நம்மவர்களின் வாரிசுச் சண்டை. அதில் வென்றவர் கையில்தான் கடற்கரை போயிற்று: ரகுநாத நாயக்கர் 1620 நவம்பரில் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தார், அதற்கு முந்தின வருஷம் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்துச் சங்கிலி குமாரனைப் பிடித்தபோது, அவன் பக்கம் படை அனுப்பியவரும் அவரே. வேலூர்ப் பேரரசு அதற்குப் பிறகு எழுந்து நிற்கவில்லை. 1639இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் கேட்டபோது, கொடுத்தவர் ஓர் உள்ளூர் நாயக்கர்.

எதிர்த் தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர். லேசில் விடுகிறவர் இல்லை. “தோத்த ராஜாவும் உசிரைக் காப்பாத்தினவனுக்குப் பட்டயம் குடுப்பான், யுவர் ஆனர். தோல்வின்னு செப்பேட்டுல எந்த ராஜா எழுதுவான்?” என்றார். சரியான வாதம். கல்வெட்டில் தோற்ற ராஜா யார்?

அடுத்து திருமலை நாயக்கர். அவர் பட்டத்துக்கு வந்தது 1623இல். 1617 தையில் அவர் பெயரில் எப்படிப் பட்டயம் வரும்? மூத்தவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்: திருமலை, முத்துவீரப்பரின் தம்பிதானே, இளவரசராக இருந்து கொடுத்திருக்கலாம். ஆனால் பட்டயத்தில் அவருக்குப் பட்டத்து ராஜாவுக்குரிய விருதுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. நம் ஜில்லாக்களில் பழசு எதுவாக இருந்தாலும் திருமலை நாயக்கர் கட்டினார், மங்கம்மாள் போட்டாள் என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். பட்டயம் எழுதியவரும் அந்த ஜனங்களில் ஒருவர் என்பது என் கட்சி.

“அப்போ இது புதுசா அடிச்சதுன்னு சொல்றீங்களா?” என்றார் நீதிபதி.

ஆமாம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அன்றைக்குத்தான் மூத்தவர் ஒரு காகிதத்தை எடுத்தார். மேலத்தெருப் பெரியவரின் பாட்டனார் காலத்துப் பாகப் பிரிவினைப் பத்திரம், 1920களில் பதிவானது. நஞ்சை, புஞ்சை, கிணற்றில் பாதி, வெண்கல அண்டா என்று போகும் சொத்துப் பட்டியலில், மூத்த மகன் பங்கில், ‘செப்புப் பட்டயம் ஒன்று’ என்று இருந்தது.

கோர்ட் ஹாலில் மேலத்தெருப் பக்கம் ஒரு சலசலப்பு. போன மாசம் கும்பகோணத்தில் செய்த கதை அதோடு போயிற்று.

சாட்சியச் சட்டத்தில் 90ஆவது பிரிவு என்று ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அது முறையாக எழுதப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 2024 ஜூலைக்குப் பிறகு புதுச் சட்டத்தில் அது 92ஆவது பிரிவு, சங்கதி அதேதான். இந்தப் பட்டயத்துக்கு வயது எண்பதுக்கு மேல் என்று பதிவுப் பத்திரமே சொல்கிறது. வந்ததும் குடும்பத்துச் சாமி அறையிலிருந்து. இரண்டு நிபந்தனையும் பொருந்திவிட்டது! மூத்தவர் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்து உட்கார்ந்தார்.

எனக்கு இரண்டே வழிதான் பாக்கி. ‘அனுமானிக்கலாம்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அனுமானித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அனுமானித்தாலும் எழுதியவர் எழுதினார் என்பதுதான் கிடைக்கும். எழுதியதெல்லாம் உண்மை என்பது கிடைக்காது. மற்றொரு வழி, 80 வயது என்பது வேறு, 400 வயது என்பது வேறு என்று காட்டுவது. பட்டயத்தை நிபுணர் பார்வைக்கு அனுப்ப மனுப் போட்டேன். மேலத்தெரு ஆட்சேபிக்கவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே பட்டயத்தின் மேல் நம்பிக்கை இருந்தது.

கல்வெட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அறிஞர் ஒருவரை நீதிமன்றம் நியமித்தது. அவர் கூண்டில் நின்று சாட்சி சொன்னதை மாணவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் தகட்டைச் சொன்னார். கையால் அடித்த செம்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இது எங்கே அளந்தாலும் ஒரே கனம். ஆலையில் உருட்டிய தகடு. அதற்குப் பிறகு எழுத்து.

“அந்தக் காலத்து எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குற்றெழுத்துக்கும் நெட்டெழுத்துக்கும் ஒரே கொம்புதான். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ‘தொப்பூர்’ என்று எழுதினாலும் ‘தோப்பூர்’ என்று எழுதினாலும் பார்க்க ஒன்றுதான்; இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டயத்தில் கொம்பு மேலே சுழித்து, ‘தோ’ என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. எல்லா மெய்க்கும் புள்ளி இருக்கிறது.”

அந்தச் சுழிக் கொம்பை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்வார்கள். 1680இல் இத்தாலியில் பிறந்தவர்; இதே கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு தமிழுக்கு உழைத்தவர். பட்டயத்தில் சொன்ன நள வருஷத்தில் அவருடைய தாத்தாவே சிறு பையனாக இருந்திருப்பார். உண்மையான பட்டயமாக இருந்தால், பெரியவர் தருமபுரித் தொப்பூர்க் கணவாயைச் சொன்னது தப்பே இல்லை, அப்படியும் படிக்கலாம். பட்டயத்தின் எழுத்துத்தான் அவருக்கு அந்த வழியை அடைத்துவிட்டது.

நிபுணர் கணிப்பு, பட்டயம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, அச்சுப் புத்தகம் பார்த்துப் பழகிய கை. ஏன் அப்போது? 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்தார்கள். மானியம் அனுபவிக்கிற ஒவ்வொருவரும் எந்த ராஜா கொடுத்தது, எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால் மானியம் உறுதியாகும். அப்படி ஒரு கேள்வி வந்தால் ஊர்ஊருக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக இருந்ததைச் செம்பில் ஏற்றச் சொல்லி ஆசாரியிடம் ஓடியிருப்பார்கள். மேலத்தெரு மூதாதைக்கு ஊர்க் காவல் இருந்தது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எழுதியவர் நள வருஷம், தை என்று குறித்திருப்பது பர்ராதஸ் கடிதத்தோடு ஒட்டி வருகிறது. சக வருஷமும் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ராஜா பெயர் தப்பு, வெற்றி தப்பு, வருஷம் சரி. அந்தச் சண்டையின் வருஷத்தை அந்த ஊர் ஏதோ ஒரு விதத்தில் இருநூற்றைம்பது வருஷம் ஞாபகம் வைத்திருந்தது என்பது என் கணிப்பு. மேலத்தெருவை எதிர்க்கும் வக்கீல் இப்படிச் சொல்வது அழகில்லை என்பதால் வாதத்தில் இதை நான் சொல்லவில்லை.

மூத்தவர் நிபுணரிடம் ஒரு கேள்வி கேட்டார். “நாயக்கர் காலத்து ஆவணம் ஒண்ணு அசல்னு நீங்க எப்படிச் சொல்வீங்க? உதாரணம் குடுங்க.” நிபுணர் தயங்காமல், ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதத்தைச் சொன்னார். தமிழில் எழுதியது. தோப்பூரில் ஜெயித்த அதே ரகுநாதர், சண்டை முடிந்து சில வருஷங்களில் எழுதியது. இன்றைக்கும் கோபன்ஹேகன் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போய், யாரிடம் இருக்க வேண்டுமோ அவரிடமே இருக்கிற ஆவணம். 90ஆவது பிரிவில் ‘உரிய காவல்’ என்பதற்கு அதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி எதிர்த் தரப்புக்கு உதவவில்லை.

இவ்வளவு சரித்திரத்துக்கும் பிறகு வழக்கைத் தீர்த்தது ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம். கோயில் பூசாரியின் தகப்பனார் எழுதிவைத்தது. திருவிழாச் செலவுக் கணக்கு: கற்பூரம், மஞ்சள் தூள், மேளம், வாணம், பரிவட்டத் துண்டு. துண்டுக்குப் பக்கத்தில் ‘மே’ அல்லது ‘கீ’ என்று ஓர் எழுத்து. ஒரு வருஷம் ‘மே’, அடுத்த வருஷம் ‘கீ’, திரும்ப ‘மே’. திருவிழா நின்றுபோன வருஷங்களுக்குக் கோடு. இந்த நோட்டை எடுத்துவரச் சொல்லிப் பூசாரிக்கு சம்மன் அனுப்பியது நான்தான். ஆனால் அது என் கட்சிக்காரருக்கும் இனிக்கவில்லை. எங்கள் எதிருரையிலும் கீழத்தெருவுக்கே எப்போதும் முதல் மரியாதை என்றுதான் இருந்தது.

பூசாரிக்கு எண்பது வயதுக்கு மேல். “எங்கப்பா காலத்துல ஒரு வருஷம் அவுக, ஒரு வருஷம் இவுக. நானும் அப்படித்தான் கட்டிக்கிட்டு வந்தேன். நடுவுல எலெக்‌ஷன் வந்துச்சு, ரெண்டு தெருவுக்கும் ஆகல. அப்புறந்தேன் இந்தப் பட்டயம், கோர்ட்டு எல்லாம்” என்றார். குறுக்கு விசாரணையில் மூத்தவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், கிழவர் அசையவில்லை.

தீர்ப்பு: பட்டயம் 1617இல் எழுதப்பட்டது என்பதை ஏற்க முடியாது, 90ஆவது பிரிவின் அனுமானத்தை இதற்குக் கொடுக்க முடியாது. 63ஆவது பிரிவு கேட்பது நிலைபெற்ற வழக்கத்தை. கணக்கு நோட்டும் பூசாரி சாட்சியமும் காட்டும் வழக்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் முறை. எனவே முதல் மரியாதை தனக்கு மட்டுமே என்று இரண்டு தரப்பும் சொல்வது நிலைக்காது. முறை எந்தத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுக் கோயில் நிர்வாக அதிகாரி முடிவு செய்ய வேண்டும். செலவுத் தொகை அவரவருக்கு.

சீட்டு மேலத்தெருவுக்கு விழுந்தது.

“வக்கீலய்யா, நாம ஜெயிச்சமா, தோத்தமா?” என்று என் கட்சிக்காரர் கேட்டார்.

“இந்த வருஷம் தோத்தோம். அடுத்த வருஷம் ஜெயிப்போம்” என்றேன். ஃபீஸில் பாக்கி இருந்ததை அவர் இன்னும் கொடுக்கவில்லை; அது ஜெயித்த வருஷத்துக்கா, தோற்ற வருஷத்துக்கா என்று யோசிக்கிறாரோ என்னமோ.

மேலத்தெரு மேல்முறையீடு செய்தது. திருச்சி ஜில்லா வழக்குகள் 2004 முதல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகின்றன. திருமலை நாயக்கர் தலைநகரைத் திருச்சியிலிருந்து திரும்ப மதுரைக்குக் கொண்டுபோனார். அவர் பெயரில் வந்த பட்டயமும் அதே வழியில் போயிற்று என்று நானும் மூத்தவரும் சொல்லிச் சிரித்துக்கொண்டோம். அங்கே விசாரணைக்கு வருவதற்குள் இரண்டு தெருவுக்கும் ஒரு கல்யாணச் சம்பந்தம் ஏற்பட்டு, மேல்முறையீட்டை வாபஸ் வாங்கினார்கள். மனு கொடுத்துப் பட்டயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மேலத்தெருப் பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு பழம்பொருள் வியாபாரி பட்டயத்துக்கு நல்ல விலை தருவதாகச் சொல்கிறாராம், கொடுக்கலாமா என்று கேட்க. எதிர்த் தரப்பு வக்கீலிடமே யோசனை கேட்க வந்தவரை என்ன சொல்வது? உட்காரவைத்து 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை விளக்கினேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்துப் பொறித்த தகடு அந்தச் சட்டப்படி தொல்பொருள்; உரிமம் இல்லாதவர் அதில் வியாபாரம் செய்யக் கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அவருடைய பட்டயம் 400 வருஷத்துப் பட்டயம் இல்லைதான். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது என்று நீதிமன்ற நிபுணரே சொல்லியிருக்கிறார். “அப்ப அது நெசமான பழசுதானே தம்பி?” என்று கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார். விற்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலோ சாமி அறையிலோ செப்பேடோ ஓலைச் சுவடியோ இருந்தால், வக்கீலிடம் கொண்டுவருவதற்கு முன்னால் தொல்லியல் துறையில் காட்டிப் படித்து வாங்குங்கள். படம் எடுத்து வையுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.